அம்மா செல்லும் ஜீப்பை அளந்து பார்ப்போம்

நுழையும் முன்

பழைய வண்டி ஒன்றின் சிறு மாதிரியைக் கடையில் வாங்காமல் கையால் செய்வது பொழுதுபோக்கா, கல்வியா? இவ்வினாவைப் பற்றிய கருத்துக் கட்டுரை இது. படித்தபின் நீங்கள் உடன்படுகிறீர்களா, மறுக்கிறீர்களா என்று எண்ணிப் பாருங்கள்.

மாதிரி வண்டி செய்வது சிறுபிள்ளை விளையாட்டு, பள்ளியில் அதற்கு இடமில்லை என்று கருதுவோர் உளர். கண்காட்சிக்கு ஒன்று தேவையெனில் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கூற்று. இதனை நான் ஏற்கவில்லை. நாள்தோறும் காணும் வண்டி ஒன்றை அளந்து, எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, எளிதில் கிடைக்கும் பொருள்களால் நம் கையாலேயே உருவாக்குவது சிறந்ததொரு கல்வி. இடுக்கி எல்லையில் வாழும் மாணவர்கள் அவ்வாறு முதலில் செய்ய வேண்டியது, ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்பின் மாதிரியே என்பது என் கருத்து.

சிறு வண்டி நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. தச்சர் செய்த சிறு தேரைப் பற்றிக் குறுந்தொகையில் ஒரு பாடல் பேசுகிறது. அத்தேரில் ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் சிறுவர்கள் அதனைக் கையால் இழுத்து மகிழ்ந்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமும் சிறுதேர்ப் பருவமே ஆகும். பாலக்காட்டுப் பனைமரத்தடியில் நுங்கெடுத்த காய்கள் இரண்டைக் குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளிச் செல்லும் நுங்கு வண்டியை நீங்களும் அறிவீர்கள். தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்குவதும் நம் ஊர்ப் பிள்ளைகள் அறிந்த கலையே.

இவையெல்லாம் விளையாட்டு வண்டிகள். மாதிரி வண்டிக்கும் இவற்றிற்கும் உள்ள வேறுபாடு அளவு ஒன்றே. விளையாட்டு வண்டியில் சக்கரம் சற்றுப் பெரிதாக இருந்தால் குறையில்லை. மாதிரி வண்டியில் அவ்வாறு இருத்தலாகாது. மூல வண்டியின் நீளத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால், அகலம், உயரம், சக்கரம், விளக்கு ஆகிய அனைத்தையும் பத்தில் ஒன்றாகவே சுருக்க வேண்டும். கடைகளில் விற்கும் கார் மாதிரிகளில் 1:18, 1:24, 1:43 என்று எழுதியிருப்பது இவ்விகிதத்தையே குறிக்கும்.

பழைய வண்டிகளுக்கு மாதிரி செய்வோர் உலகெங்கும் உள்ளனர். அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' எனப்படும் பந்தயக் கார்களை விரும்பிச் செய்வோர் பலர். அங்கே நாஸ்கார் என்னும் அமைப்பு 1948-இல் தோன்றியது. அடுத்த ஆண்டில் அது நடத்திய பந்தயத் தொடரில், மக்கள் கடையில் வாங்கும் சாதாரணக் கார்களே ஓடின. பின்னர் அவை பந்தயத்திற்கென்று சிறிது சிறிதாக மாற்றப்பட்டன. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் பந்தயத் தொடரில் பங்கேற்றார். அப்பழைய கார்களின் மாதிரியைச் செய்வோர், ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டியில் உள்ள பகுதிகளை ஒட்டுவதோடு நிறைவடைவதில்லை. மூலக் காரில் பட்டறைக்காரர் எதை வெட்டினார், எதைச் சேர்த்தார் என்று ஆராய்ந்து, அம்மாற்றங்களைத் தம் மாதிரியிலும் செய்கின்றனர்.

நம் மலையிலும் அத்தகைய வண்டி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல், வில்லிஸ் ஜீப்புகள் படையினருக்காகப் பெருமளவில் செய்யப்பட்டன. நாடு விடுதலை பெற்ற பின் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தி விற்றது. பிறகு இங்கேயே உற்பத்தியும் செய்தது. அவ்வழியில் வந்த ஜீப்புகளே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய எல்லைகளைக் கடந்து, தேனி மாவட்டத்துத் தொழிலாளரை இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கொண்டு வருகின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவிலேயே அவை எல்லாம் ஓடுவதில்லை. பின்பகுதியை நீட்டிக் கட்டியவை உண்டு. நீளவாக்கில் எதிரெதிரே பலகை இருக்கை அமைத்தவை உண்டு. பின்னால் படி, மேலே கேரியர், மழைக்குத் தார்ப்பாய் என ஒவ்வொன்றும் உள்ளூர்ப் பட்டறையில் சேர்க்கப்பட்டதே. பந்தயத்திற்காக அமெரிக்கர் காரை மாற்றினர். பிழைப்பிற்காக நம்மவர் ஜீப்பை மாற்றினர்.

இதன் மாதிரியைச் செய்வது எவ்வாறு? முதலில் அளக்க வேண்டும். நின்றிருக்கும் வண்டியை, ஓட்டுநரிடம் ஒப்புதல் பெற்று, அளவு நாடாவால் இருவர் சேர்ந்து அளக்கலாம். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் நீளம் ஏறத்தாழ 333 செ.மீ.; அகலம் 157.5 செ.மீ.; முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் உள்ள இடைவெளி 203 செ.மீ. பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் இவை முறையே 33.3, 15.8, 20.3 செ.மீ. ஆகும். அதன் சக்கரம் டயருடன் ஏறத்தாழ 71 செ.மீ. குறுக்களவு உடையது, மாதிரியில் அது 7.1 செ.மீ. உங்கள் ஊர் ஜீப்பின் அளவுகள் இவற்றிலிருந்து வேறுபடும். எங்கு, எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் கண்டறிவதே முதற்பாடம். முகப்பில் எத்தனை செங்குத்துத் துளைகள் உள்ளன என்பதை எண்ணிப் பார்க்காமல் கூறிப் பாருங்கள். நாள்தோறும் பார்த்த பொருளை நாம் பார்க்கவே இல்லை என்பது அப்போது விளங்கும்.

அளவெடுத்தபின் கட்டத் தாளில் பக்கத் தோற்றம், முன் தோற்றம், மேல் தோற்றம் ஆகிய மூன்றையும் வரைய வேண்டும். உடலுக்குத் தடித்த அட்டையோ, விளம்பரப் பலகை செய்வோர் கழித்துப் போடும் நுரைப் பலகையோ போதும். அச்சிற்குக் குடைக் கம்பி, சக்கரத்திற்குச் செருப்பு ரப்பர், கேரியருக்குத் தீர்ந்துபோன பேனாக் குழல் என வீட்டிலேயே பொருள்கள் கிடைக்கும். கூரிய கத்தியைப் பயன்படுத்தும்போது மட்டும் பெரியவர் உடனிருத்தல் வேண்டும்.

எல்லாம் எளிதாகச் சுருங்கிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 1 மி.மீ. தகட்டைப் பத்தில் ஒன்றாக்கினால் 0.1 மி.மீ. ஆகும், அது ஏறத்தாழத் தாளின் தடிமன். உண்மையான தார்ப்பாயில் ஒரு துண்டை வெட்டிப் போர்த்தினால், மாதிரியின் மேல் அது கம்பளிபோல் தடித்துத் தோன்றும். மெல்லிய பருத்தித் துணியே பொருந்தும். நீளம் பத்தில் ஒன்றாகும்போது பரப்பு நூற்றில் ஒன்றாகவும், கன அளவு ஆயிரத்தில் ஒன்றாகவும் குறையும். ஆகவே, 1,000 கிலோ எடையுள்ள வண்டியை அதே பொருள்களால் பத்தில் ஒன்றாகச் செய்ய முடிந்தால், அதன் எடை 1 கிலோவே இருக்கும். கணக்குப் புத்தகத்தில் படித்த விகிதத்தை அப்போது உங்கள் கையால் தூக்கிப் பார்க்கலாம்.

இனி, இக்கட்டுரையின் உயிரான செய்திக்கு வருகிறேன். அளவு சரியாக இருந்தால் மாதிரி உண்மையைப் பேசும். அட்டையில் 4 செ.மீ. அகலமுள்ள மனித உருவங்களை வெட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் அமர 40 செ.மீ. தேவை என்பது இதன் பொருள். பின்னிருக்கைப் பலகை 160 செ.மீ. எனில் மாதிரியில் அது 16 செ.மீ. ஒரு பலகையில் நான்கு உருவங்கள் அமரும். இரு பலகைகளில் எட்டு. ஒன்பதாவது உருவம் எங்கே அமரும்? பன்னிரண்டாவது? விடியற்காலையில் உங்கள் அம்மாவோ அத்தையோ ஏறும் ஜீப்பில் எத்தனை பேர் செல்கின்றனர் என்று அவர்களிடமே கேளுங்கள். அத்தனை உருவங்களையும் மாதிரிக்குள் அடுக்க முயலுங்கள்.

மற்றொரு சோதனையும் உண்டு. நீட்டிக் கட்டிய பின்பகுதி, பின் அச்சிற்கும் அப்பால் நீண்டிருக்கும். அவ்விடத்தில் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக வையுங்கள். பின் அச்சே தாங்குபுள்ளியாகி, எதிர்முனையில் முன்சக்கரங்கள் தரையை அழுத்தும் விசை குறையும். ஒரு கட்டத்தில் அவை எழும்பவும் கூடும். முன்சக்கரங்கள் தரையை நன்கு பற்றினால்தான் வண்டி திருப்பிய பக்கம் திரும்பும். மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவில் இதன் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆள் நெரிசலுடன் சென்ற ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகளை நாம் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். ஓட்டுநர்மேல் பழி சுமத்துவது என் நோக்கமன்று. அவருடைய பிழைப்பும் அவ்வண்டியில்தான் உள்ளது. ஆனால், நம் வீட்டார் ஏறும் வண்டியில் எத்தனை பேருக்கு இடமுண்டு என்பதை, சொல்லால் அன்றி அளவால் காட்டத் தெரிந்த மாணவரை எவரும் எளிதில் மறுத்துவிட இயலாது.

"செய்வதுதான் செய்கிறீர்கள், தொழிற்சாலை வடிவில் புத்தம் புதிதாகச் செய்யலாமே, ஒட்டுவேலையையும் நசுங்கலையும் காட்டுவானேன்?" என்று சிலர் கேட்பர். தொழிற்சாலை வடிவம் நிறுவனத்தின் வரைபடங்களில் இருக்கிறது. நம் பட்டறைகள் செய்த மாற்றங்களுக்கோ வரைபடம் கிடைப்பது அரிது. வண்டி பழைய இரும்புக் கடைக்குச் சென்றுவிட்டால் அவ்வடிவமும் மறைந்துவிடும். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டிய ஜி.டி. நாயுடுவின் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகம் கோவையில் உள்ளது. பல நாட்டுப் பழங்கார்களை அங்கே காணலாம். பாலக்காட்டு மாணவர்கள் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். சென்று பாருங்கள். செல்வர்களின் கார்களுக்கு இத்தகைய இடங்கள் உண்டு. தொழிலாளரின் ஜீப்பிற்கு இடம் அமைப்பவர் யார்? உங்கள் வகுப்பறை அலமாரியே அதற்குப் போதும். ஆகவே நசுங்கலையும் செய்யுங்கள். தார்ப்பாயின் ஒட்டையும் தையுங்கள்.

தேர்வுக்குப் படிக்கும் நேரம் வீணாகும் என்பது மற்றொரு தடை. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு பருவத்திற்குள் வண்டி முடிந்துவிடும். விகிதம், நெம்புகோல், வரைபடம் ஆகியவை அதற்குள் தாமாகவே வந்து சேரும். தமிழும் வந்து சேரும். அச்சு, ஆரம், குடம், கடையாணி என்று வண்டி வேலை செய்த முதியோர் கூறும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், கடைத்தெருவில் மலையாளமும் பேசும் உங்களுக்கு, தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

பாலக்காட்டுச் சமவெளியில் இருப்போர் ஜீப்பையே தேட வேண்டியதில்லை. சித்தூர் வயல்களில் உழும் டிராக்டரும், வாளையாறு வழியே வரும் சரக்கு லாரியும் அளப்பதற்கு ஏற்றவையே. எந்த வண்டி நம் வீட்டிற்குச் சோறு கொண்டு வருகிறதோ, அந்த வண்டியை அளக்க வேண்டும். ஓர் அளவு நாடா, ஒரு கட்டத்தாள், ஒரு பென்சில். இவ்வளவே தொடங்குவதற்குத் தேவை. வரும் ஞாயிற்றுக்கிழமை, ஜீப் நின்றிருக்கும் நேரத்தில் தொடங்குங்கள்.

அருஞ்சொற்பொருள்

கவைக்கோல் – நுனி இரண்டாகப் பிரிந்த கோல்
விகிதம் – ஓர் அளவிற்கும் மற்றோர் அளவிற்கும் உள்ள ஒப்பு
ஆரம் – சக்கரத்தின் குடத்தையும் வட்டையையும் இணைக்கும் கால்
குடம் – சக்கரத்தின் நடுப்பகுதி
கடையாணி – சக்கரம் கழலாதபடி அச்சின் முனையில் செருகும் ஆணி

சிந்தித்து எழுதுக

1. விளையாட்டு வண்டிக்கும் மாதிரி வண்டிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஒரு ஜீப்பின் இருக்கைப் பலகை 180 செ.மீ. நீளமுடையது. 1:10 மாதிரியில், 4 செ.மீ. அகலமுள்ள உருவங்கள் அதில் எத்தனை அமரும்?
3. நசுங்கலையும் ஒட்டையும் மாதிரியில் காட்ட வேண்டும் என்னும் ஆசிரியர் கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் தந்து ஒரு பத்தி எழுதுக.
4. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, வண்டியின் பகுதிகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தைத் தொகுக்க.