ஒரு நாள் வசூலும் ஆறு மாத நோயும்

தாராவியில் நம்மவர் ஒருவர் நோயில் விழுந்தார் என்று தெரிந்தால் அன்று மாலையே துண்டை ஏந்திவிடுகிறோம். அது நம்மிடம் உள்ள நல்ல குணம். ஆனால் அந்த நல்ல குணத்தோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோமே, அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்த, திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவருக்குக் காசநோய் என்று தெரியவந்தது. பைக்கு இவ்வளவு என்று கூலி. மெஷினில் உட்காராத நாளுக்குக் காசில்லை. ஒரே மாலையில் பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் திரட்டிக் கொடுத்தோம். "தைரியமாக இருங்கள் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தோம். பிறகு அந்தச் சந்துக்கு நாம் போகவில்லை.

இரண்டு மாதத்தில் காய்ச்சல் விட்டது, இருமல் குறைந்தது. பணமும் தீர்ந்தது. ரூம் வாடகை நின்றது, ஊரில் தாயாருக்கு அனுப்பும் பணம் நின்றது, மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது. மூன்றாம் மாதம் அவர் பட்டறைக்குத் திரும்பினார். மருந்து வாங்கப் போனால் அரை நாள் கூலி போகும், போவதை விட்டார். எட்டாம் மாதம் நோய் திரும்பியது. இம்முறை பழைய மருந்துக்கு அது அடங்கவில்லை.

மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று நாம் அதட்டினோம். அவர் மனைவிதான் பதில் சொன்னார்: "மாத்திரை சும்மா தாறாங்க அண்ணாச்சி. அரிசியும் முட்டையும் யாரு சும்மா தாறா?"

தோழர்களே, இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருந்ததா? இல்லை.

1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் படுக்கவைத்த நோயாளிகளையும் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்த ஏழை நோயாளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டிலேயே மருந்தை ஒழுங்காக உண்டாலும் நோய் தீரும் என்று 1959-இல் உலகுக்கு அறிவித்தது. சென்னையின் ஏழைக் குடித்தனங்கள் காட்டிய உண்மை அது. ஆனால் சானடோரியத்தில் நோயாளிக்குக் கிடைத்த சோற்றையும் பாலையும் வீட்டில் கொடுப்பது யார்? அந்தச் செலவு சத்தமில்லாமல் குடும்பத்தின் தலையில் இறங்கியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

உணவு மருந்துக்குத் துணை மட்டுமல்ல. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அவ்வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. ஒருவருக்குக் கொடுக்கும் சோறு பிள்ளைகளையும் காக்கிறது என்பதே இதன் பொருள்.

அரசு 2018 முதல் நோயாளிக்குச் சத்துணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் அதை 1,000 ஆக உயர்த்தியது. உரிமையோடு கேட்டு வாங்குவோம். ஆனால் போன கூலிக்கு அது ஈடாகுமா?

கூலிக்கு ஈடு தர வேண்டிய ஏற்பாடு 1948-இலேயே சட்டமாயிற்று. அதுதான் இ.எஸ்.ஐ. அதில் பதிவான தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உண்டு. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா கட்டியவருக்குக் காசநோய் போன்ற நீண்ட நோய்களில் அதற்கு மேலும் 80 சதவீதம் வரை உண்டு. 2019 முதல் தொழிலாளி கட்டுவது நூற்றுக்கு 75 பைசா, முதலாளி கட்டுவது மூன்றேகால் ரூபாய். அந்த மூன்றேகால் ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான், பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் பட்டறையில் ஏழு பேர் பெயரை மட்டும் எழுதுகிறார்கள். நாமும் "சேட் நல்லவர், அட்வான்ஸ் கொடுப்பார்" என்று வாய்மூடி இருக்கிறோம். அட்வான்ஸ் கடன்; இ.எஸ்.ஐ. உரிமை. இரண்டும் ஒன்றல்ல.

இதை எழுதும் நாம் ரயில்வே குமாஸ்தா. நமக்குக் காய்ச்சல் வந்தால் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆண்டுக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்பு சேருகிறது. யாரும் தானமாகத் தந்ததல்ல, சங்கம் கட்டிப் பெற்றது. நாற்காலியில் இருப்பவனுக்கு உள்ள பாதுகாப்பு தோல் தைப்பவருக்கு ஏன் கூடாது?

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். நோயாளியை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டால் பாரம் தீர்ந்தது என்று நினைக்கிறோம். வழியில் மருந்து அறுந்தால் நோய்தான் வளரும். போயே ஆக வேண்டுமென்றால், ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சிகிச்சையை மாற்றிக்கொண்ட பிறகே வண்டி ஏறட்டும். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் காசநோயாளிக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரிச் சான்றிதழோடு கவுன்ட்டருக்கு வர வேண்டும். பலருக்கு இது தெரியாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஒரு நாள் வசூலை ஆறு மாதப் பொறுப்பாக மாற்றுவோம். இருபது வீடுகள் மாதம் 150 ரூபாய் போட்டால் 3,000 ரூபாய். அரிசி, பருப்பு, முட்டை, எண்ணெய்க்கு ஆகும். முதல் மாதம் எல்லோரும் கொடுப்பார்கள். மூன்றாம் மாதம், நோயாளி எழுந்து நடமாடும்போது, "இனி எதற்கு?" என்று கேட்போம். அப்போதுதான் கொடுக்க வேண்டும். அந்த மாதம்தான் அவர் மாத்திரையா, மெஷினா என்று முடிவு செய்கிற மாதம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். துண்டு நம் தோளில் இருக்கட்டும். ஏந்துவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்போம்.