உடம்பு இளைக்க மாத்திரை! டாக்டர் முகம் பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவில் குண்டான உடம்பை இளைக்க வைக்கும் மருந்து இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது. ஊசி அல்ல. மாத்திரை!

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். வரிசையில் காத்திருக்க வேண்டாம். செல்போனில் ஒரு கேள்வித்தாள் வரும். வயது என்ன? உயரம் என்ன? எடை என்ன? என்னென்ன வியாதி உண்டு? பதிலைத் தட்டி அனுப்பினால் போதும். எங்கோ இருக்கும் ஒரு டாக்டர் அதைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். சில நாட்களில் மருந்துப் பெட்டி வந்துவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மருந்தும் நல்ல மருந்துதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மருந்து நல்லது என்பது ஒன்று. அதை வாங்கும் வழி நல்லது என்பது வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

பல்லி காட்டிய வழி

நாம் சாப்பிட்டதும் நமது குடலில் ஒரு பொருள் சுரக்கிறது. அதன் பெயர் ஜி.எல்.பி.-1. அது ரத்தத்தில் கலந்து, "சாப்பாடு வந்துவிட்டது, இன்சுலினை அனுப்பு" என்று கணையத்துக்குச் சொல்லும். "மெதுவாக இறக்கு" என்று இரைப்பைக்குச் சொல்லும். "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று மூளைக்குச் சொல்லும். ஆனால் சில நிமிடங்களில் அது அழிந்துவிடும்.

அமெரிக்கப் பாலைவனத்தில் "கிலா" என்று ஒரு விஷப் பல்லி உண்டு. அதன் விஷத்தில், இந்தக் குடல் சுரப்பைப் போன்ற ஒரு பொருள் இருப்பதை ஜான் எங் என்ற நியூயார்க் டாக்டர் கண்டுபிடித்தார். அது சீக்கிரம் அழியாது. அதிலிருந்து பிறந்த சர்க்கரை வியாதி மருந்து 2005-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. விஷம் மருந்தான கதை இது!

பிறகு மற்றக் கம்பெனிகளும் இதே வகையில் மருந்துகளைச் செய்தன. அவற்றில் ஒன்று "செமாக்ளூடைட்." டென்மார்க் நாட்டு நோவோ நார்டிஸ்க் கம்பெனியின் சரக்கு. 2017-ல் சர்க்கரை வியாதிக்கு அனுமதி கிடைத்தது. எடை குறைக்க 2021-ல் அனுமதி கிடைத்தது. இரண்டும் வாரம் ஒரு ஊசி.

காபிக்கு அரை மணி பொறுக்க வேண்டும்

இந்த மருந்தை மாத்திரையாக்குவது லேசான காரியமாக இருக்கவில்லை. இது புரதத்தைப் போன்றது. வயிற்றுக்குள் போனால் பருப்பும் முட்டையும் செரிப்பது போல இதுவும் செரித்துவிடும். ஆகவே மருந்தைக் காப்பாற்றி ரத்தத்துக்குள் அனுப்ப, கூடவே ஒரு ரசாயனத்தைச் சேர்த்தார்கள். அப்படியும் 100 பங்கு விழுங்கினால் ஏறத்தாழ 1 பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது!

கணக்கைப் பாருங்கள். எடை குறைக்க 2021-ல் அனுமதி பெற்ற ஊசியின் முழு அளவு, வாரத்துக்கு 2.4 மில்லிகிராம். மாத்திரையின் முழு அளவு, தினம் 25 மில்லிகிராம். வாரத்துக்கு 175!

அதனால்தான் கண்டிப்பான விதி வைத்திருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். 120 மில்லி பச்சைத் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் வேறு எதுவும் வாயில் படக் கூடாது. கண் விழித்ததும் காபியைத் தேடுகிறவர்களுக்கு இது சின்ன நிபந்தனை அல்ல!

எடை குறைக்கும் இந்த 25 மில்லிகிராம் மாத்திரைக்கு, 2025 டிசம்பரில் அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 64 வாரம் நடந்த சோதனையில், இதைச் சாப்பிட்டவர்களின் எடை சராசரியாக 100-க்கு 13 பங்குக்கு மேல் குறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 2 பங்குதான் குறைந்தது. இரு சாராருக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் உண்டு. ஆகவே இது ஏமாற்று மருந்து அல்ல.

கேலிக்குப் பயந்து

செல்போன் வைத்தியத்துக்கு ஆதரவாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

குண்டான மனிதரைக் கண்டால் சிரிக்கும் பழக்கம் உலகம் முழுவதும் இருக்கிறது. சினிமாவில் சிரிப்பு மூட்ட ஒரு குண்டு மனிதரை ஓட விடுகிறார்கள். டாக்டரிடம் போனாலும், "முதலில் வாயைக் கட்டு" என்ற வசவு சில சமயம் கிடைக்கிறது. வெட்கப்பட்டுக் கொண்டு டாக்டரிடமே போகாமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர்! வீட்டில் இருந்தபடியே கேட்கலாம் என்றால் அவர்களுக்கு அது பெரிய உதவி.

இது அமெரிக்கர் கவலை மட்டும் அல்ல. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேருக்கும், 100 ஆண்களில் 37 பேருக்கும் எடை அதிகம். ரேஷன் கடைக்கு நடந்து போன தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள்!

ஊசியின் பயம் போனால்...

என் கவலை இதுதான். ஊசி என்றால் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. பயம் இருக்கும் இடத்தில் ஜாக்கிரதையும் இருக்கும். மாத்திரை என்றால் அந்தப் பயம் போய்விடுகிறது. மாத்திரை கை மாறும். "எனக்குக் கேட்டது, நீயும் ஒன்று போட்டுப் பார்" என்று அக்காள் தங்கைக்குக் கொடுப்பாள். இதே மருந்து சர்க்கரை வியாதி மாத்திரையாக 2022-ம் ஆண்டு முதல் இந்தியாவில் விற்பனை ஆகிறது. மாமியாரின் சர்க்கரை மாத்திரையை, கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று வீட்டுப் பெண் எடுத்துப் போட்டுக் கொண்டால் யார் கண்டது?

ஊசி போனதே தவிர மருந்து மாறவில்லை. குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் எல்லாம் மாத்திரையிலும் உண்டு. சிலருக்குக் கணையம் வீங்கும். பித்தப்பையில் கல் சேரும். கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண், 2 மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

இதை எல்லாம் கேள்வித்தாளும் கேட்கும். ஆனால் பதில் சொல்கிறவர் பொய் சொன்னால்? ஒல்லியான ஒரு கல்லூரிப் பெண், கண்ணாடியைப் பார்த்துத் தன்னைக் குண்டு என்று நினைக்கிறாள். 50 கிலோ எடையை 75 என்று தட்டி அனுப்புகிறாள். அவளை நேரில் பார்த்தால் எந்த டாக்டரும் திருப்பி அனுப்பிவிடுவார். கேள்வித்தாளுக்குக் கண் இல்லையே! நாலாம் நாள் ராத்திரி வாந்தி நிற்கவில்லை என்றால் அவள் யாரைக் கூப்பிடுவாள்?

வானவில் மாத்திரைகள்

அமெரிக்காவுக்கு இது புதிய பாடம் அல்ல. 1933-ல் "டைநைட்ரோபினால்" என்ற ரசாயனத்தை எடை குறைக்கக் கொடுத்தார்கள். உடம்பு உள்ளுக்குள்ளேயே கொதித்துச் சிலர் இறந்தனர். சிலருக்குக் கண் பார்வை போயிற்று. பிறகு "வானவில் மாத்திரை" வந்தது. சில டாக்டர்கள் ஆளைச் சில நிமிடம் பார்த்துவிட்டு, பல வண்ண மாத்திரைகளைக் கை நிறையக் கொடுத்து அனுப்பினார்கள். பசியை அடக்கும் போதை மருந்தும், இதய மருந்தும் அதில் இருந்தன. உயிர்கள் போன பிறகு, 1968-ல் செனட் சபை விசாரணை நடத்தியது. 1997-ல் "பென்புளூரமின்" என்ற மாத்திரை இதய வால்வைக் கெடுக்கிறது என்று வாபஸ் ஆயிற்று.

அந்த மருந்துகளையும் இதையும் ஒன்றாகப் பேசுவது நியாயம் அல்ல. இது நன்றாகச் சோதிக்கப்பட்ட மருந்து. ஆனால் விற்கும் அவசரம் அதே அவசரம்தான். 2022-ல் இந்த மருந்துக்குப் பஞ்சம் வந்தது. அதைச் சாக்கிட்டு, மருந்துக் கடைகளிலேயே கலந்து செய்த நகல் சரக்கு அமெரிக்காவில் ஏராளமாக விற்றது. பஞ்சம் தீர்ந்தது என்று 2025 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. வியாபாரம் லேசில் நிற்கவில்லை. நகல் சரக்கை அசல் போல விளம்பரம் செய்ததற்காக, அந்த ஆண்டு செப்டம்பரில் பல கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று.

இன்னொன்று. மருந்தை நிறுத்தினால் பசி திரும்பி வருகிறது. ஊசியை நிறுத்தியவர்களை ஓர் ஆண்டு கழித்து எடை பார்த்தார்கள். குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறிவிட்டது! ஆகவே இது ஒரு மாதச் செலவு அல்ல. மாதா மாதம் செலவு. பெட்டியை அனுப்புகிறவர் இதை முதல் நாளே சொல்ல வேண்டாமா?

நம் ஊருக்கு வரும்போது

செமாக்ளூடைட்டின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்தது. இனி இதை நம் நாட்டுக் கம்பெனிகளும் செய்யலாம். விலை இறங்கும். அது நல்லதே. பணக்காரர்கள் மட்டும் இளைக்க வேண்டும் என்று சட்டமா?

செல்போன் வைத்தியத்தைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் தடவையாவது டாக்டர் ஆளைப் பார்க்க வேண்டும். எடையை மெஷின் சொல்ல வேண்டும். வாய் சொல்லக் கூடாது. நம் நாட்டில் 2020 மார்ச் 25-ந் தேதி வந்த தொலை மருத்துவ விதிகளில், டாக்டர் தமது பதிவு எண்ணைச் சீட்டில் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் தானாகச் சீட்டு எழுதக் கூடாது என்றும் இருக்கிறது. சீட்டில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பணம் கட்டாதீர்கள்.

மாத்திரை வாங்குவதற்கு முன்னால் தாயிடமும் பாட்டியிடமும் ஒன்று கேளுங்கள். நம் குடும்பத்தில் யாருக்காவது கழுத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது உண்டா? அதில் ஒரு வகை, பரம்பரையாக வரும். அந்தக் குடும்பத்தார் இந்த மருந்தைத் தொடவே கூடாது. "பெரியம்மாவுக்குக் கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்களே" என்று பாட்டிக்குத்தான் ஞாபகம் இருக்கும்.