கருங்கல்லின் சாட்சியம்

புதுவைக் கடற்கரையில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். கடலரிப்புக்கு வீடுகளைப் பறிகொடுத்த பிள்ளைச்சாவடி மீனவ மக்களும் கல்லைக் கொட்டும்படியே கேட்டு வந்திருக்கிறார்கள். கடலுக்கு ஈடு கொடுப்பது கல் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் நம் நாட்டுக் கருங்கல்லே ஒரு சமுத்திரம் மறைந்ததற்குச் சாட்சி என்று சில பண்டிதர்கள் சொல்கிறார்கள். வேறு சிலர் மறுக்கிறார்கள்.

கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை 1893-ல் ஆராய்ந்த ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி, அவ்வகைக் கல்லுக்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். நம் பல்லாவரத்துக் குன்றுகளில் உள்ளதும் இந்தக் கல்லே. ஆழத்தில், கடும் வெப்பத்தில் பக்குவப்பட்டது. காவிரிக்கு வடக்கே இத்தகைய கற்கள் சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன் பக்குவப்பட்டவை. தெற்கே மதுரைப் பக்கத்தில் உள்ளவையோ சுமார் 55 கோடி வருஷங்களுக்கு முன்! அப்படியானால் சேலமும் மதுரையும் ஆதியில் ஒரே நிலமா, அல்லவா?

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வழியாகச் செல்லும் பாறைப் பட்டையில் ஒரு சமுத்திரம் இருந்தது, அதன் தரை பூமிக்குள் அமிழ்ந்து 55 கோடி வருஷ வாக்கில் இரு நிலங்களும் மோதி மலையெழுந்தன என்பது ஒரு கட்சி. மணமேட்டில் கிடைக்கும் 75 கோடி வருஷ வாக்கிலான பாறைகளை மறைந்த கடற்றரையின் மிச்சம் என்று காட்டுவர். நிலங்கள் 250 கோடி வருஷ வாக்கிலேயே இணைந்துவிட்டன, பிற்காலத்தில் நடந்தது பழைய நிலம் மீண்டும் காய்ந்து நெளிந்ததுதான் என்பது எதிர்க்கட்சி. அவர்களுக்குத் தேவனூர்ப் பாறைகள் துணை. அவையும் கடற்றரைப் பாறைகளாகவே கருதப்படுகின்றன, வயதோ சுமார் 250 கோடி வருஷம்.

வழக்கு ஏன் தீரவில்லை? பழைய நகையை உருக்கிப் புதிதாகச் செய்தால், செய்த தேதி பொன்னின் வயதாகுமா? கல்லிலுள்ள சிர்கான் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவே கடிகாரம். அந்தக் கடிகாரம், கல் காய்ந்த காலத்தைக் காட்டுமேயன்றி, நிலங்கள் கூடிய காலத்தைத் தானாகச் சொல்லாது. ஒரே மணியின் நடுவில் ஒரு வயதும் விளிம்பில் வேறொரு வயதும் தென்படுவதுண்டு. ஆகவே ஒரே சான்றை இரு கட்சியாரும் தத்தமக்குச் சாதகமாகப் படிக்கிறார்கள்.

இந்த வழக்கின் தீர்ப்புக்குப் பண்டிதர்கள் பொறுமையாகக் காத்திருக்கலாம். பாறைகள் எங்கும் ஓடிவிடமாட்டா. பிள்ளைச்சாவடிக் குடிசைகளுக்கோ அடுத்த மழைக்காலமே தவணை.