குதிரும் கோட்டையும்

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற பழமொழியை அண்மையில் வகுப்பில் சொன்னோம். "குதிரைக்குள்ளா, ஸார்?" என்று கேட்டான் ஒரு பையன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. வயல் சூழ்ந்த ரிஷிவந்தியத்திலே, நெற்குதிர் இன்னதென்று பிள்ளைகள் அறியவில்லை! மண்ணால் வனைந்து, மேலே மூடியும் அடியிலே துவாரமும் வைத்து, ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு நின்ற நெற்கூடு அது என்று விளக்கினோம். காட்டுவதற்கு ஊரில் ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே, அவர்களைச் செஞ்சிக்கு அழைத்துச் சென்றோம்.

ராஜகிரியின் அடிவாரத்திலே, கல்யாண மஹாலுக்கு அருகில் நிற்கிறது பழைய களஞ்சியம். பருத்த சுவர்கள், வில்லாக வளைந்த கூரை. உள்ளே நெல்லுக்குப் பதிலாக இருளே நிரம்பியிருக்கிறது. 1690-ம் வருஷம் மொகலாய சேனாபதி ஜுல்பிகர்கான் இக்கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவர் சிவாஜியின் குமாரர் ராஜாராம். 1698 வரையில் கோட்டை வீழவில்லை. நடுவில் முற்றுகையிட்ட சேனையே தானியமின்றித் தவித்தது! கோட்டைக்குப் பீரங்கியைப் போலவே நெல்லும் பலம் என்பதைக் கட்டினவர்கள் அறிந்திருந்தார்கள்.

கோயில்களும் இதை அறிந்திருந்தன. பாபநாசத்துக்கு அருகே திருப்பாலைத்துறையில், தஞ்சை நாயக்கர் காலத்து வட்டமான செங்கற் களஞ்சியத்தை இன்றும் காணலாம். 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர்.

பிறகு ரயில் வந்தது. பஞ்சம் நேர்ந்தால் அது தானியம் கொண்டுவரும் என்றார்கள். 1876-78-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது, விலை கொடுப்பவனைத் தேடி அதே ரயிலில் தானியம் துறைமுகத்துக்கும் சென்றது. 1877 ஜனவரி முதல் தேதி லிட்டன் பிரபு டில்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். அதே நாட்களில் சென்னை ராஜதானியில் ஜனங்கள் பட்டினியால் மாண்டுகொண்டிருந்தார்கள். கையிருப்பை இழந்த தேசத்தின் கதி அது.

இன்று ஆட்சி நம்முடையது, விளைச்சலும் நம்முடையது. 2025-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது கண்டு பெருமைப்படுகிறோம். ஆயினும், கொள்முதல் நிலையத்தின் வாசலில் கொட்டிய நெல் மழையில் நனைந்து முளைவிடும் செய்தி வராத வருஷம் உண்டா?

திரும்பும் வழியில் அதே பையன், "கூரை இருக்கும் இடத்தில் நெல் இல்லை, நெல் இருக்கும் இடத்தில் கூரை இல்லையே, ஸார்!" என்றான்.

அவனுக்கு நாம் விடை சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கு அந்தக் கேள்வியை இங்கே அனுப்பி வைக்கிறோம்.