பருந்துக்கும் சாதி

பொங்கலுக்குப் பறவை எண்ணுவது 2015 முதல் தமிழகத்தில் நடக்கிறது. இந்தத் தைப் பனியில் சங்கராபுரம் ஏரிக்கரையில் நானும் எண்ணினேன். கூட வந்த எங்க காலனிப் பையன் கேட்டான்: "ரெண்டும் பருந்துதானே அண்ணா, இதுக்கு மட்டும் எதுக்கு பிராமினி கைட்டுன்னு பேரு?"

வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடம்புமாக இருப்பது, கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அது 'பிராமினி'. குப்பைமேட்டில் இரை பொறுக்கும் கரும்பருந்து 'பறையா கைட்'. வெள்ளைக்காரன் புத்தகங்களில் மட்டுமல்ல, 1941இல் வந்த சாலிம் அலியின் நூலிலும் இதே பெயர்தான். இதுல வேடிக்கை என்னன்னா, செத்த மீனைத் தின்பதில் செம்பருந்தும் சளைத்ததில்லை. ஆனால் தீனியை வைத்து இழிவு சுமத்தப்பட்டது ஒன்றின்மேல் மட்டும்.

இன்றைய பட்டியலில் 'பறையா' போய் 'பிளாக் கைட்' ஆகிவிட்டது. 'பிராமினி' அப்படியே இருக்கிறது. இழிவை மட்டும் அழித்து உயர்வை விட்டுவைப்பதா சாதி ஒழிப்பு? கீழ்ப்படியை உருவிவிட்டால் மேல்படியில் நிற்பவன் இறங்கிவிடுவானா?

அமெரிக்காவில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி மெக்கவுனின் பெயரை ஒரு பறவையிலிருந்து 2020இல் நீக்கினார்கள். நமக்குப் புதுப்பெயர் தேடுகிற வேலைகூட இல்லை. நம்ம சனங்க வாயில் ஏற்கெனவே இருக்கிறது: செம்பருந்து, கரும்பருந்து. வெறும் நிறம். பையன் நோட்டில் அப்படித்தான் எழுதினான். தோழர்களே, அடுத்த தையில் நீங்களும் அப்படியே எழுதுங்கள்.