ஞாயிறு யாருக்கு விடுமுறை?

சனிக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்தது. கணவன் சொல்கிறார்: "நாளைக்கு எல்லோரும் மகாபலிபுரம் போகலாம்."

பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள். மனைவிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் கை அப்போதே புளியை எடுத்து ஊறப் போடுகிறது.

சென்னையில் பல வீடுகளில் நடப்பது இது.

மறுநாள் காலை 4 மணிக்கு அவள் எழுந்திருக்கிறாள். புளிச்சோறு கிளறுகிறாள். தயிர்சோறு பிசைகிறாள். உருளைக்கிழங்கு வறுக்கிறாள். தண்ணீர் பாட்டில், விரிப்பதற்கு ஒரு பழைய போர்வை, சின்னவனுக்கு மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் எடுத்துப் பையில் அடுக்குகிறாள். மணி 7 ஆகிறது. கணவன் குளித்து, தலை வாரி, வாசலில் நிற்கிறார்.

"இன்னுமா கிளம்பவில்லை? பஸ்ஸில் இடம் கிடைக்காது!" என்று சத்தம் போடுகிறார்.

அவர் கெட்டவர் அல்ல. ஆறு நாள் உழைத்தவர். பெண்டாட்டி பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்தத்தான் புறப்படுகிறார். ஆனால் அந்த ஒரு சத்தத்தில் பாதிச் சந்தோஷம் வாசலிலேயே போய்விடுகிறது.

போராடிப் பெற்ற நாள்

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை சும்மா வந்தது அல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஓய்வே இல்லாமல் உழைத்தார்கள். நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் அவர்களைத் திரட்டிப் போராடினார். 1890-ம் ஆண்டில் ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

சென்னைக் கடற்கரைக்கும் அதில் பங்கு உண்டு. 1923-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி சிங்காரவேலர் இங்கே மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுதான் முதல் மே தினம். மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959-ல் வைக்கப்பட்டது. சிற்பி தேவிபிரசாத் ராய் சவுத்ரி. நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய பாறையைத் தள்ளுகிறார்கள். நாலு பேரும் ஆண்கள்!

வீட்டில் இருக்கும் பாறையை யார் தள்ளுகிறார்கள்? மத்திய அரசு 2024-ல் ஒரு கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரி 289 நிமிஷம். கிட்டத்தட்ட 5 மணி நேரம். ஆணுக்கு 88 நிமிஷம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களுக்கு மட்டும் உள்ள கணக்கு. கையே வைக்காதவர்கள் அதில் சேரவில்லை.

ஊர் சுற்றக் கிளம்பும் நாளில் அவளுடைய கணக்கு இன்னும் கூடுகிறது. அவளுக்கு அது விடுமுறையா, கூடுதல் வேலையா?

"நீங்கள் போய் வாருங்கள்"

வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள். மாமியார்.

"அத்தை, நீங்களும் வாங்களேன்" என்று மருமகள் கூப்பிடுகிறாள்.

"எனக்கு முழங்கால் வலி அம்மா. வீட்டுக்கும் ஆள் வேண்டாமா? நீங்கள் போய் வாருங்கள்" என்கிறாள் கிழவி.

"சரி, அம்மாவால் நடக்க முடியாது" என்று மகன் முடித்துவிடுகிறார். போன தடவையும் இதே பேச்சுதான். முழங்கால் வலி பொய் அல்ல. ஆனால் இரண்டாவது தடவை கூப்பிட யாரும் இல்லை. எல்லோரும் போனபிறகு அவள் வாசல் படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாலை வரை அதுதான் அவளுடைய உல்லாசப் பயணம்.

முதியவர்களை அழைத்துப் போகும்படியான இடம் எது என்று பார்த்துத் திட்டம் போட்டால் இந்தக் கஷ்டம் பாதி தீரும்.

வண்டலூர் உயிரியல் பூங்கா பிள்ளைகளுக்குச் சொர்க்கம். 1855-ல் சென்னை நகருக்குள் தொடங்கிய மிருகக்காட்சி சாலை, 1985-ல் வண்டலூருக்கு மாறியது. பரப்பு 602 ஹெக்டேர். சுற்றி வருவதற்குள் பெரியவர்களுக்கே கால் கழன்றுவிடும். முதியவர்கள் வந்தால் பேட்டரி கார்தான் வழி. செவ்வாய்க்கிழமை விடுமுறை. அது தெரியாமல் போய்க் கதவைப் பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் உண்டு.

மெரினாவுக்குச் செலவு குறைவு. சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற திட்டம் 2021-ல் வந்தபிறகு, கையில் காசு இல்லாத பெண்ணும் கடற்கரைக்குப் போக முடிந்தது. கால் முடியாதவர்கள் அலை அருகே போவதற்கு 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சீர் செய்யப்பட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அலையைப் பார்க்கலாம். அந்தப் பாதையை மாமியாருக்காக ஒரு தடவை பயன்படுத்திப் பார்க்கட்டும்.

ஆனால் கடலில் இறங்கக் கூடாது. மேலே அலை கரைக்கு வரும். வந்த தண்ணீர் திரும்பும்போது ஆளைக் கடலுக்குள் இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கஷ்டம். "முழங்கால் தண்ணீர்தானே" என்று பிள்ளையின் கையை விட்டுவிட்டு, செல்போனில் படம் பிடிப்பவர்கள் எத்தனை பேர்!

குரங்குக் குடும்பம்

மகாபலிபுரத்துக்கு வருவோரில் பலர் பார்க்காமல் போகும் சிலை ஒன்று உண்டு. அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு அருகில் இருக்கிறது. ஒரு குரங்குக் குடும்பம். தாய்க் குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது. பின்னால் ஆண் குரங்கு உட்கார்ந்து அதன் தலையில் பேன் பார்க்கிறது. அவ்வளவுதான். பல்லவர் காலத்துச் சிற்பி எந்த வீட்டைப் பார்த்துச் செதுக்கினானோ!

கடற்கரைக் கோவிலும் ஐந்து ரதமும் உலகப் புகழ் பெற்றவை. 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் இந்தச் சின்னங்கள் சேர்ந்தன. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் ரதங்களின் பக்கம் மணல், வெயில், நடை. அர்ச்சுனன் தபசு அப்படி அல்ல. தெரு ஓரத்திலேயே இருக்கிறது. முழங்கால் வலிக்காரரும் நின்று பார்க்கலாம். தவம் செய்யும் பூனையையும் சுற்றியுள்ள எலிகளையும் பாட்டி காட்டிக் கதை சொன்னால், பேரப்பிள்ளைகள் செல்போனைத் தேட மாட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லப் பாட்டியை விட்டால் வேறு ஆள் யார்?

பகல் 11 மணிக்கு மேல் பாறை சுடும். காலையில் போய்ப் பார்த்துவிட்டு, நிழலில் உட்காருவது நல்லது. கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச அந்த நேரம் போதும். பேச்சு என்றால் வீட்டு வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம் அல்ல. அதற்குத்தான் ஆறு நாள் இருக்கிறதே! கல்யாணமான புதிதில் வந்தபோது எங்கே நின்று படம் எடுத்தோம் என்று அவள் கேட்கலாம். அவருக்கு ஞாபகம் இருந்தால் அவருடைய அதிர்ஷ்டம்.

புளிச்சோறு கட்டியே தீரவேண்டும் என்று சட்டம் இல்லை. கட்டினால், தேங்காய் துருவுவதும் பாட்டில் நிரப்புவதும் கணவன் செய்யக் கூடாத வேலையும் இல்லை. ஓட்டலில் ஐந்து பேர் சாப்பிடப் பணம் போதாத வீடுகள் நிறைய. அங்கே இந்த ஒத்தாசைதான் பெரிய செலவு மிச்சம்.

இரவு 8 மணி. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வருகிறார்கள். பிள்ளைகள் பாயில் விழுகிறார்கள். கணவன் மின்விசிறியைப் போட்டு நாற்காலியில் சாய்கிறார். மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுக்களைக்குப் போகிறாள். பையில் கழுவாத டிபன் கேரியர். காலையில் வறுத்த வாணலியும் அப்படியே கிடக்கிறது.

"இரு, நான் கழுவுகிறேன். நீ அம்மாவிடம் உட்கார்ந்து இன்று பார்த்ததைச் சொல்" என்று அந்த நாற்காலியிலிருந்து ஒரு குரல் வருமா? கிழவி இன்னும் தூங்கவில்லை. கதவைப் பார்த்தபடி விழித்துக்கொண்டிருக்கிறாள்.