ஒத்தை வெள்ளை லைட்

ராத்திரி ஹைவேயில் எதிரே ஒரே ஒரு ஹெட்லைட். பைக்தானே என்று நீங்கள் பாட்டுக்குப் போகிறீர்கள். பக்கத்தில் வந்ததும்தான் தெரிகிறது, ஒரு பல்ப் அவுட்டான லாரி! கடலிலும் இந்தக் கதை உண்டு. அங்கே பல்ப் ஃபியூஸ் ஆகக்கூட வேண்டாம். விதியே அப்படி.

கப்பலுக்கு இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, முதுகில் வெள்ளை. 1972-ல் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்டு, 1977-ல் அமலுக்கு வந்த விதி. சிவப்பும் பச்சையும் தலைக்கு 112.5 டிகிரி. முதுகு வெள்ளை 135. கூட்டிப் பாருங்கள், 360. நயா பைசா உதைக்காமல் டாலி ஆகிறது. பி.காம். படித்தவனுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்! எஞ்சினில் ஓடுகிற கப்பலுக்கு, முன்பக்கம் பார்த்து மாஸ்ட்டில் இன்னொரு வெள்ளை. பெரிய கப்பலுக்கு இரண்டு.

சிவப்பும் பச்சையும் ஜோடியாகத் தெரிந்தால் ஐயா நேரே உங்களைப் பார்த்துத்தான் வருகிறார். புரிகிறது. ஒத்தை வெள்ளை மட்டும் தெரிந்தால்? முதுகைக் காட்டிக்கொண்டு போகிற கப்பலாக இருக்கலாம். நங்கூரம் போட்டுத் தூங்குகிற சின்னக் கப்பலாக இருக்கலாம். 7 மீட்டருக்குக் குறைந்த, 7 நாட் வேகத்தைத் தாண்ட முடியாத மோட்டார் படகுக்கும் ஒரு வெள்ளையே போதும். துடுப்பு போடுகிறவர் சமயம் பார்த்து டார்ச் அடித்தால்கூடச் செல்லும்.

போகிறதும் நிற்கிறதும் சரி. வருகிறதும் அப்படித்தான் தெரியும் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 20 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கிற கப்பலின் மாஸ்ட் விளக்கு 5 கடல் மைலுக்காவது தெரிய வேண்டும். சிவப்பு, பச்சைக்கு 2 மைல் போதும். நடுவே 3 மைலுக்கு அது வெறும் வெள்ளைப் புள்ளியாக இருக்கலாம். 12 நாட் வேகத்தில் வந்தால் கால் மணி நேரம்.

மெரினாவில் சுண்டல் தின்றபடி பார்ப்போமே, கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கிற கப்பல்கள், அவை பெரும்பாலும் நங்கூரத்தில் நிற்பவை. 100 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான கப்பல் நிற்கும்போது டெக் விளக்குகளைப் போட்டே ஆகவேண்டும். படகுக்காரர் பயப்பட வேண்டியது அதற்கல்ல, ஓரமாக நகர்கிற சோனி விளக்குக்கு.

நம் மீன்பிடி படகுகளில் இன்னொரு தொல்லை. வலை இழுக்க வசதியாகப் பளீர் பல்புகளைப் போட்டதும் சொந்தச் சிவப்பும் பச்சையும் அதில் முங்கிப்போகும். கப்பல்காரருக்குப் படகின் முகமும் தெரியாது, முதுகும் தெரியாது. மோதினால் தோற்பது எப்போதும் படகுதான். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் நடுராத்திரிக்குப் பிறகு ஒரு மீன்பிடி படகும் கன்டெய்னர் கப்பலும் மோதின. படகில் இருந்த 14 பேரில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. பிழைத்தவர்கள் இரண்டே பேர்.

வெள்ளையைப் பார்த்தால் என்னதான் செய்வது? படகை நேராக ஓட்டிக்கொண்டு, விளக்கு இருக்கிற திசையைக் காம்பஸில் பார்க்கணும். சில நிமிஷம் கழித்து மறுபடி. திசை நன்றாக மாறிக்கொண்டே வந்தால் பெரும்பாலும் ஆள் தாண்டிப்போகிறார். திசை அப்படியே இருக்க, விளக்கு மட்டும் பெரிசாகிறதா? வழி யாருக்கு என்று சட்டம் பேசிக்கொண்டிருக்காமல் சுக்கானைத் திருப்பிவிட வேண்டியதுதான்.